படிகாரம் ஏன் அமிலம்? எலக்ட்ரான் இரட்டை சொல்லும் விடை

படிகாரம், வெண்காரம் என்று இரண்டு வெள்ளை உப்புகள். இரண்டின் பெயரிலும் காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தனித்தனியே நீரில் கரைத்து லிட்மஸ் தாளை நனைத்துப் பாருங்கள். வெண்காரக் கரைசல் சிவப்பு லிட்மஸை நீலமாக்கும், பெயருக்கேற்ற காரம்தான். படிகாரக் கரைசலோ நீல லிட்மஸைச் சிவப்பாக்கும். பெயரில் காரம், செயலில் அமிலம்.

படிகாரம் என்பது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். பொட்டாசியம் சல்பேட்டை மட்டும் கரைத்தால் லிட்மஸ் நிறம் மாறுவதில்லை. அப்படியானால் இந்த அமிலத்தன்மை அலுமினியத்தின் வேலையாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் அலுமினியம் ஓர் உலோகம். அதன் அயனியில் ஹைட்ரஜன் அணு ஒன்றுகூடக் கிடையாது. அமிலம் என்றால் ஹைட்ரஜன் அயனியைத் தருவது என்று படித்தவர்களுக்கு இது இடறும்.

பள்ளியில் இதற்கு ஒரு விடை சொல்லித் தருகிறார்கள்: வலிமை மிகுந்த அமிலமும் வலிமை குறைந்த காரமும் சேர்ந்து உண்டான உப்பு, நீராற்பகுப்பு அடைகிறது என்று. தவறில்லை. ஆனால் நடப்பதற்கு அது ஒரு பெயர் வைக்கிறது, அவ்வளவுதான். ஏன் நடக்கிறது என்பதற்கான விடை, அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் 1923-இல் முன்வைத்த எலக்ட்ரான் இரட்டைக் கொள்கையில் இருக்கிறது. அமில, கார வரையறைகள் மூன்றைச் சொல்லும் பாடங்களில் இது பெரும்பாலும் கடைசியில், நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும். மூன்றிலும் ஆழமானது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கனிம வேதியியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பது இங்கேதான் தெரியவருகிறது.

லூயிஸுக்கு முன்பு கேள்வி வேறாக இருந்தது. அமிலத்துக்குள் என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் தேடினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லவாய்சியே, ஆக்சிஜன் இருக்கிறது என்றார். கந்தகத்தையும் பாஸ்பரசையும் எரித்து, வந்ததை நீரில் கரைத்தால் அமிலம் கிடைக்கிறது. அவர் அப்படி நினைத்ததற்கு நியாயம் இருந்தது. ஆக்சிஜன் என்ற பெயரே கிரேக்கச் சொற்களிலிருந்து 'அமிலத்தை உண்டாக்குவது' என்ற பொருளில் அமைந்ததுதான். 1810-இல் ஹம்ஃப்ரி டேவி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று காட்டினார். 1838-இல் லீபிக், உலோகத்தால் வெளியேற்றக்கூடிய ஹைட்ரஜன்தான் அடையாளம் என்றார். 1880-களில் அர்ஹீனியஸ் அதை அயனிகளின் மொழிக்கு மாற்றினார்: நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம். அப்புறம் 1923-இல் டென்மார்க்கில் ப்ரான்ஸ்டட், இங்கிலாந்தில் லௌரி இருவரும் தனித்தனியே, புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம் என்று வரையறுத்தார்கள்.

இந்தக் கடைசி வரையறையைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்கவேண்டும். காரத்தின் பக்கம் கதவு அகலத் திறந்துவிட்டது. அம்மோனியாவில் ஹைட்ராக்சைடு இல்லை, ஆனாலும் அது காரம். புரோட்டானை வாங்கிக்கொள்ளும் எதுவும் காரமாகலாம். அமிலத்தின் பக்கம் மட்டும் கதவு மூடியே இருந்தது. ஹைட்ரஜன் இல்லாதவற்றுக்கு உள்ளே இடமில்லை. ஒரு பக்கம் எந்தத் தனிமமாகவும் இருக்கலாம், மறுபக்கம் ஒரே தனிமம்தான் என்றால், அந்த வரையறை இன்னும் அடித்தளத்தைத் தொடவில்லை என்றுதானே பொருள்?

லூயிஸ் இந்த இடத்துக்கு அமிலங்களின் வழியாக வரவில்லை, பிணைப்பின் வழியாக வந்தார். இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இரட்டையைப் பகிர்ந்துகொள்வதுதான் வேதிப்பிணைப்பு என்று அவர் 1916-இல் எழுதினார். அணுவின் குறியீட்டைச் சுற்றிப் புள்ளிகள் வைத்து நாம் போடும் படம் அவர் தந்ததுதான். பகிர்வதற்கான இரட்டையில் ஆளுக்கொரு எலக்ட்ரான் போடலாம். ஒரே அணு இரண்டையும் போடவும் செய்யலாம். இரண்டாவது வகையைத்தான் ஈதல் சகப்பிணைப்பு என்கிறோம். அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் லூயிஸின் அமில, காரக் கொள்கை முழுவதும். எலக்ட்ரான் இரட்டையைக் கொடுப்பது காரம். அதை ஏற்றுக்கொள்வது அமிலம்.

அம்மோனியா பாட்டிலையும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலையும் திறந்து அருகருகே வைத்தால் வெண்புகை எழும். அம்மோனியம் குளோரைடு உருவாகிறது. அமிலமும் காரமும் சேர்ந்து உப்பு. இப்போது அமிலத்துக்குப் பதிலாகப் போரான் டிரைஃபுளூரைடு என்ற வாயுவை எடுத்துக்கொள்வோம். அதில் ஹைட்ரஜன் கிடையாது. அம்மோனியாவோடு சேர்ந்தால் இங்கேயும் வெள்ளைத் திண்மம்தான் கிடைக்கிறது. கே-லூசாக் 1809-இலேயே இதைத் தயாரித்துவிட்டார். என்ன நடந்தது என்று புரிய நூறாண்டுக்கு மேல் ஆனது.

போரானின் வெளிக்கூட்டில் 3 எலக்ட்ரான்கள். மூன்று ஃபுளூரினோடும் பகிர்ந்தபின் அதைச் சுற்றி 6 இருக்கும். இப்படிப்பட்ட அணுக்கள் வழக்கமாக எட்டு எலக்ட்ரான்கள் சூழ்ந்திருக்கும்போதுதான் நிறைவடையும். எட்டுக்கு இரண்டு குறைவு, ஓர் இரட்டைக்கான இடம் காலி. அம்மோனியாவின் நைட்ரஜனில் 5 எலக்ட்ரான்கள். மூன்று ஹைட்ரஜனோடு பிணைந்தது போக ஓர் இரட்டை சும்மா இருக்கிறது. இரண்டு மூலக்கூறுகளும் நெருங்கும்போது அந்த இரட்டை காலி இடத்துக்குள் சாய்கிறது. போரானுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே பிணைப்பு விழுகிறது. எந்த அணுவும் இடம் மாறவில்லை, எதுவும் வெளியேறவும் இல்லை.

ஆனால் வடிவம் மாறுகிறது. தனியாக இருக்கும்போது போரான் டிரைஃபுளூரைடு ஒரு தட்டையான முக்கோணம். புதிய பிணைப்புக்கு இடம் தர மூன்று ஃபுளூரின்களும் பின்னோக்கி வளைந்து, போரானைச் சுற்றி நான்முகி அமைகிறது. இந்த வளைவுக்கு ஆற்றல் செலவாகும். அதனால் வரும் ஒரு விளைவு முதலில் படிக்கும்போது நம்பவே முடியாது. எலக்ட்ரானை அதிகம் இழுப்பது ஃபுளூரின்தானே? அப்படியானால் ஃபுளூரைடுதான் வலிமையான அமிலமாக இருக்கவேண்டும். அம்மோனியா போன்ற காரங்களிடம் உண்மையில் வரிசை தலைகீழ்: புரோமைடு முதலில், அடுத்து குளோரைடு, கடைசியில் ஃபுளூரைடு. ஃபுளூரின் சிறிய அணு என்பதால் தன் இரட்டைகளில் கொஞ்சத்தைப் போரானின் காலி இடத்துக்குச் சாய்த்துக் கொடுக்க அதனால் முடிகிறது. தட்டையாக இருக்கும்வரைதான் இந்த உதவி நன்றாக நடக்கும். வளைந்தால் அதை இழக்கவேண்டும். வழக்கமாகத் தரப்படும் விளக்கம் இது. இதன் விவரங்கள் பற்றி இன்னும் விவாதம் உண்டு.

சரி, அப்படியானால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? நிறைய மாணவர்கள் குழம்பும் இடம் இது, குழம்புவதில் தவறும் இல்லை. லூயிஸின் பார்வையில் அமிலம் ஹைட்ரஜன் அயனி, அதாவது புரோட்டான். அதனிடம் எலக்ட்ரானே இல்லை. ஓர் இரட்டை முழுசாகத் தேவைப்படுகிறது. குளோரைடு அயனி ஒரு காரம், வலிமை மிகக் குறைந்த காரம். இரண்டும் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பொருள்தான் ஹைட்ரஜன் குளோரைடு. அம்மோனியா வந்ததும், வலிமை கூடிய காரம் வலிமை குறைந்த காரத்தைத் தள்ளிவிட்டுப் புரோட்டானைப் பிடித்துக்கொள்கிறது. ப்ரான்ஸ்டட், லௌரி சொன்ன புரோட்டான் பரிமாற்றம் முழுவதும் இப்படி ஒரு சிறப்பு நேர்வாக உள்ளே அடங்கிவிடுகிறது. ஹைட்ரஜனுக்குத் தனி மரியாதை எதுவும் இல்லை. காலி இடம் உள்ள பலவற்றில் அதுவும் ஒன்று.

இந்தக் கருத்தை லூயிஸ் 1923-இல் சொல்லிவிட்டு 15 ஆண்டுகள் கிட்டத்தட்ட விட்டுவிட்டார். 1938-இல் திரும்ப வந்தபோது வாதத்தோடு சோதனைகளையும் கொண்டுவந்தார். ஹைட்ரஜன் உள்ள பொருள்களை மட்டும் அமிலம் என்பது, ஆக்சிஜன் உள்ள பொருள்களை மட்டும் ஆக்சிஜனேற்றி என்பதற்குச் சமம் என்பது அவர் வாதம். தமிழில் இது இன்னும் நன்றாகப் பிடிபடும். ஆக்சிஜனேற்றி என்ற சொல்லுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஆனாலும் குளோரினை ஆக்சிஜனேற்றி என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. சோதனைகளும் எளிமையானவைதான். நீர் சேராத கரைப்பான்களில் ஸ்டானிக் குளோரைடு, போரான் டிரைகுளோரைடு போன்றவை நிறங்காட்டிகளின் நிறத்தை, ஹைட்ரஜன் உள்ள அமிலங்கள் மாற்றுவதைப் போலவே மாற்றின. காரம் சேர்த்தால் நிறம் திரும்பியது. ஆய்வகத்தில் அமிலம் என்று எதை வைத்து அடையாளம் காண்கிறோமோ, அதே நடத்தை. (நோபல் பரிசுக்கு 41 முறை முன்மொழியப்பட்டும் லூயிஸுக்கு அது கிடைக்கவில்லை. வேதியியல் வரலாற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் செய்திகளில் ஒன்று.)

இப்போது படிகாரத்துக்குத் திரும்பலாம். அலுமினிய அயனிக்கு மூன்று நேர்மின்சுமை, உருவமோ மிகச் சிறியது. நீரில் அது தனியாக இருப்பதில்லை. ஆறு நீர் மூலக்கூறுகள் ஆளுக்கோர் இரட்டையைக் கொடுத்து அதைச் சூழ்ந்துகொள்கின்றன. இங்கே நீர் காரம், அலுமினியம் அமிலம். கொடுத்த இரட்டை அலுமினியத்தை நோக்கி இழுபடும்போது, ஆக்சிஜன் தன் எலக்ட்ரான் இழப்பை ஹைட்ரஜன் பக்கமிருந்து ஈடுசெய்யப் பார்க்கிறது. அதனால் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையேயான பிணைப்பு தளர்ந்து, ஒரு புரோட்டான் கழன்று அருகிலுள்ள நீரிடம் போகிறது. லிட்மஸைச் சிவப்பாக்குவது அந்தப் புரோட்டான். புறப்பட்டது நீரிலிருந்து, புறப்பட வைத்தது அலுமினியம். அமிலத்தின் வலிமையை பிகேஏ என்ற எண்ணால் அளக்கிறோம், எண் குறையக் குறைய வலிமை கூடும். நீர் சூழ்ந்த அலுமினிய அயனியின் பிகேஏ மதிப்பு ஏறத்தாழ 5. அசெட்டிக் அமிலத்துக்கு 4.76. ஓர் உலோக அயனி அசெட்டிக் அமிலத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக நிற்கிறது! இரும்பின் மூன்று நேர்மின்சுமை கொண்ட அயனிக்கு இந்த மதிப்பு 2-ஐ ஒட்டி இறங்குகிறது, அதாவது இன்னும் வலிமை கூடிய அமிலம்.

இதே உத்தி நம் சிவப்பணுக்களுக்குள் இந்த நொடியிலும் நடக்கிறது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியின் நடுவே ஒரு துத்தநாக அயனி இருக்கிறது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மூன்றின் நைட்ரஜன்கள் இரட்டைகளைக் கொடுத்து அதைப் பிடித்துவைத்திருக்கின்றன. நான்காவது இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு. துத்தநாகம் அதை இழுப்பதால் அதன் பிகேஏ ஏறத்தாழ 7 ஆகிவிடுகிறது. உடலின் நடுநிலையான சூழலிலேயே அது புரோட்டானை விட்டு ஹைட்ராக்சைடாக மாறிவிடும். அந்த ஹைட்ராக்சைடு கார்பன் டைஆக்சைடின் கார்பனுக்குத் தன் இரட்டையைக் கொடுக்க, பைகார்பனேட் உருவாகிறது. கவனித்தால், இங்கே இரண்டு லூயிஸ் அமிலங்கள்: நீரைத் தூண்டிய துத்தநாகம் ஒன்று, இரட்டையை ஏற்ற கார்பன் இன்னொன்று. இந்த நொதியின் வேகமான வடிவங்களில் ஒரு மூலக்கூறு நொடிக்கு 10 லட்சம் வரை கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகளை மாற்றுகிறது.

வெண்காரத்தின் கதை இன்னும் அழகு. நீரில் கரைந்ததும் வெண்காரத்தில் உள்ள போரான், பாதி போரிக் அமிலமாகவும் பாதி அதன் இணைக்காரமான போரேட் அயனியாகவும் பிரிகிறது. அதனால்தான் கரைசலின் பிஹெச் 9.2-ஐ ஒட்டி நிலைத்து நிற்கிறது. இதில் போரிக் அமிலத்தைப் பாருங்கள். அதன் வாய்பாட்டில் மூன்று ஹைட்ரஜன்கள் உண்டு. மூன்று புரோட்டான் தரும் அமிலம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நீரில் அது தன் ஹைட்ரஜன்களில் எதையும் விடுவதில்லை! போரானின் காலி இடத்தில் நீரின் ஹைட்ராக்சைடை ஏற்றுக்கொள்கிறது. மீந்த நீரின் புரோட்டான் கரைசலுக்குப் போகிறது. அதனால் அது ஒரே ஒரு புரோட்டான் கணக்கில்தான் நடந்துகொள்கிறது. சொந்தமாக ஹைட்ரஜன் வைத்திருந்தும், காலி இடத்தால் மட்டுமே அமிலமாக இருக்கும் பொருள். லூயிஸின் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எட்டு எலக்ட்ரான் நிறையாத அணுதான் லூயிஸ் அமிலம் என்று ஒரு குறுக்குவழி உலவுகிறது. போரானுக்கும் அலுமினியத்துக்கும் பொருந்தும். மேலே வந்த கார்பன் டைஆக்சைடுக்கே பொருந்தாது. அதன் கார்பனுக்கு எட்டும் நிறைந்திருக்கிறது, ஆனால் புதிய இரட்டை வந்ததும் இரட்டைப்பிணைப்பில் ஒரு கை ஆக்சிஜன் பக்கம் ஒதுங்கி வழிவிடுகிறது. அயோடின் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. ஹெக்சேனில் கரைத்தால் ஊதா, ஆல்கஹாலில் கரைத்தால் பழுப்பு. ஆல்கஹாலின் ஆக்சிஜன் தன் இரட்டையை அயோடின் மூலக்கூறை நோக்கி நீட்டுவதால் வரும் நிறமாற்றம் அது. இரட்டை அங்கே போய்ச் சேர்வது, அயோடினின் காலியாக உள்ள எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலில், அதாவது எலக்ட்ரான் குடியேறினால் பிணைப்பைத் தளர்த்தும் இடத்தில். ஆகவே காலி இடம் என்பதைப் புள்ளிப் படத்தில் தெரியும் பள்ளமாக மட்டும் எண்ணக்கூடாது. குறைந்த ஆற்றலில் எட்டக்கூடிய எந்தக் காலி ஆர்பிட்டாலும் போதும்.

இவ்வளவு விரிந்த கொள்கைக்கு ஒரு விலை உண்டு; அதை மறைக்கக்கூடாது. புரோட்டான் கணக்கில் எல்லா அமிலங்களையும் பிகேஏ என்ற ஒரே அளவுகோலில் வரிசைப்படுத்தலாம். வாங்கப்படுவது எப்போதும் அதே புரோட்டான்தான் என்பதால் அது முடிகிறது. லூயிஸ் அமிலங்களுக்கு அப்படி ஒரே ஓர் அளவுகோல் கிடையாது. யாரோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து வரிசையே புரண்டுவிடும். அலுமினிய அயனியிடம் ஹாலைடுகளில் ஃபுளூரைடு மிக வலிமையாக ஒட்டும், அயோடைடு மிகப் பலவீனமாக. மெர்க்குரியிடம் போனால் அயோடைடு முதலில், ஃபுளூரைடு கடைசியில். எது வலிமையான காரம் என்ற கேள்விக்கு, எந்த அமிலத்திடம் என்று திருப்பிக் கேட்டுத்தான் விடை சொல்லவேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கலுக்குள் ஒரு ஒழுங்கை 1963-இல் ரால்ஃப் பியர்சன் காட்டினார். சிறியவை, மின்சுமை மிகுந்தவை, எலக்ட்ரான் மேகம் எளிதில் நெளியாதவை ஆகியவற்றைக் கடினமானவை என்றார். பெரியவை, நெளியக்கூடியவை மென்மையானவை. கடினம் கடினத்தோடும் மென்மை மென்மையோடும் சேரும். அலுமினியம், மக்னீசியம் அயனிகளும் ஃபுளூரைடு, ஆக்சைடு போன்றவையும் ஒரு பக்கம். வெள்ளி, மெர்க்குரி அயனிகளும் அயோடைடும் கந்தகம் தரும் காரங்களும் இன்னொரு பக்கம்.

பாறைகளே இந்த விதிக்குச் சாட்சி. அலுமினியத்தைப் பாக்சைட்டில் ஆக்சிஜனோடு காண்கிறோம். மெர்க்குரியைச் சாதிலிங்கத்தில் கந்தகத்தோடு காண்கிறோம். வெள்ளி கறுப்பதும் கந்தகத்தால்தான். ஆய்வகத்தில் சில்வர் குளோரைடு வீழ்படிவு அம்மோனியாவில் கரைந்துவிடும், சில்வர் அயோடைடு கரையாது. மென்மையான வெள்ளி, மென்மையான அயோடைடை அம்மோனியாவுக்காக விட்டுக்கொடுப்பதில்லை. மெர்க்குரி நச்சாவதும் இதே வழியில்தான்: புரதங்களில் உள்ள கந்தகத் தொகுதிகளைத் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்கிறது. ஆர்சனிக் கொண்ட லூயிசைட் என்ற போர்க்கள நச்சுக்கு மாற்றுமருந்தாக உருவாக்கிய டைமெர்காப்ரோல் மூலக்கூறில் இரண்டு கந்தகத் தொகுதிகள் வைத்திருப்பது, அந்த ஆர்சனிக்கைப் புரதத்திடமிருந்து பறித்துக்கொள்ளத்தான். அந்த நச்சின் பெயரில் இருப்பவர் நம் லூயிஸ் இல்லை. வின்ஃபோர்ட் லீ லூயிஸ் என்ற வேறொரு வேதியியலாளர்.

கரிம வேதியியல் இந்தக் கொள்கையைப் பெயர் வைப்பதற்கு முன்பே பயன்படுத்திக்கொண்டது. 1877-இல் ஃப்ரீடல், கிராஃப்ட்ஸ் இருவரும் அலுமினியம் குளோரைடை வைத்துப் பென்சீன் வளையத்தில் கார்பன் சங்கிலிகளை ஒட்டவைத்தார்கள். அலுமினியம் ஒரு குளோரினின் இரட்டையைப் பற்றி இழுக்க, அந்தக் குளோரினைத் தாங்கியிருந்த கார்பன் எலக்ட்ரானுக்கு ஏங்கும் நிலைக்குப் போகிறது. பென்சீன் வளையம் தன் எலக்ட்ரான்களோடு அதைப் பிடித்துக்கொள்கிறது. நாம் எலக்ட்ரான் கவர் பொருள், கருக்கவர் பொருள் என்று பிரித்துப் படிப்பதும், அணைவுச் சேர்மங்களில் மைய உலோகம், ஈனி என்று படிப்பதும் இதே அமிலமும் காரமும்தான், வேறு வகுப்பறையில்.

அமிலமும் காரமும் சந்தித்தால் சேர்ந்துவிடும் என்றுதான் இதுவரை பார்த்தோம். சேரவிடாமல் தடுத்தால்? இரண்டையும் சுற்றிப் பருத்த தொகுதிகளை வைத்துவிட்டால் காலி இடமும் இரட்டையும் ஒன்றையொன்று நெருங்க முடியாது.  2006-இல் கனடாவில் டக்ளஸ் ஸ்டீஃபன் குழுவினர், காரமாகப் பாஸ்பரசும் அமிலமாகப் போரானும் ஒரே மூலக்கூறில் இப்படி விலகி நிற்கும் சேர்மம் ஒன்றை உருவாக்கினார்கள். சாதாரண வெப்பநிலையில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தியபோது, இரண்டும் சேர்ந்து அந்த வாயு மூலக்கூறைப் பிளந்தன. புரோட்டான் பாஸ்பரசுக்குப் போனது, எலக்ட்ரான் இரட்டையோடு கூடிய ஹைட்ரஜனான ஹைட்ரைடு போரானுக்குப் போனது. 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் ஹைட்ரஜன் திரும்ப வெளியே வந்தது. அதுவரை ஹைட்ரஜனை இப்படிப் பிளந்து திரும்பத் தருவது பிளாட்டினம், பல்லேடியம் போன்ற உலோகங்களின் வேலை என்றே கருதியிருந்தார்கள். இங்கே உலோகமே இல்லை. வெண்காரத்தில் நாம் பார்த்த அதே போரானின் காலி இடமும், சற்றுத் தள்ளி நின்ற ஓர் எலக்ட்ரான் இரட்டையும்தான்.